எலுமிச்சை நெருப்பாகுமா?

சேலத்தை விட்டுக் கிழக்கே ஆத்தூர்ச் சாலையில் சில மைல் சென்றால் அயோத்தியாப்பட்டணம் எதிர்ப்படும். இலங்கையிலிருந்து மீண்ட ஸ்ரீராமபிரான் இவ்விடத்தில் தங்கிப் பட்டாபிஷேகக் கோலம் காட்டியருளினார் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லி வரும் ஐதிகம். கோதண்டராமர் கோயிலும், அங்குள்ள நாயக்கர் காலத்து வர்ணச் சித்திரங்களும் ஊருக்குப் பெருமை தருபவை. கடலைக் கடந்து வந்த பெருமானின் பெயரோடு பிணைந்த ஊராயினும், கடலுக்கும் இவ்வூருக்கும் வெகு தூரம். அதே சாலையைப் பிடித்துக் கொண்டு கடலூர்க் கரைக்குப் போய்ச் சேர வேண்டுமானால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் பிரயாணம் செய்தாக வேண்டும்.

இந்தத் தூரத்தை நேயர்கள் சற்று மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம். நாம் இங்கே எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம், அடுப்பே மூட்டாமல் எலுமிச்சம் பழச் சாற்றைக் கொண்டே மீனையும் இறைச்சியையும் 'சமைக்கும்' முறையைப் பற்றியது. கைப்பேசித் திரையில் உலகத்து அடுக்களைகளையெல்லாம் பார்த்துவிடும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது இப்போது புதுமையல்ல. “எலுமிச்சை பிழிந்து அரை மணி நேரம் வைத்தால் போதுமாமே, நாமும் செய்து பார்க்கலாமா?” என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. 'சீச்சீ, பச்சை மீனா!' என்று முகத்தைச் சுளிப்பது அதற்கு விடையாகாது. 'அவர்கள் செய்கிறார்கள், நாமும் செய்வோம்' என்பதும் விடையாகாது. விஷயத்தை உள்ளபடி அறிந்து கொள்வதே முறை.

மாமிசம் புசியாத நேயர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எலுமிச்சையின் குணம் எல்லோருக்கும் பொது. அவர்களுக்கும் ஒரு செய்தி பின்னால் வருகிறது.

பழம் நம்முடையது, பழக்கம் பிறருடையது

எலுமிச்சை, நாரத்தை, கிச்சிலி முதலியன சேர்ந்த குடும்பத்தின் பூர்விகம் இமயத்தின் தென்கிழக்குச் சரிவுகளே என்று தாவர சாஸ்திரிகள் கூறுகிறார்கள். அங்கிருந்து கிளம்பிய பழம், அராபியர் கைமாறி, ஸ்பானியரின் கப்பலேறி, 16-ஆம் நூற்றாண்டில் தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டை அடைந்தது. பெரு நாட்டார் தங்கள் கடலில் பிடித்த மீனைச் சிறு துண்டுகளாக நறுக்கி, இந்தச் சாற்றில் ஊறவைத்து, வெங்காயமும் மிளகாயும் உப்பும் சேர்த்து உண்ணலானார்கள். 'செவிச்சே' என்பது அதன் பெயர். 2023-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ சபை இந்தச் சமையல் மரபை மனித குலத்தின் கலாசாரச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்திருக்கிறது. பிலிப்பைன் தீவுகளில் காடியில் ஊறவைத்து இதே போன்ற பண்டம் செய்கிறார்கள். அதற்குக் 'கினிலாவ்' என்று பெயர்.

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. பிஜித் தீவுகளை அறியாத தமிழர் இரார். 1879 முதல் 1916 வரையில் ஒப்பந்தக் கூலிகளாக 60,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. அந்தக் கரும்புத் தோட்டங்களில் நம் சகோதர சகோதரிகள் பட்ட துன்பத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கும். அவர்கள் குடியேறிய அந்த நாட்டின் பூர்விகக் குடிகள் விருந்தில் பரிமாறும் பண்டங்களில் சிறந்தது 'கொக்கொண்டா' என்பது. மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, அது வெளுத்ததும் சாற்றை வடித்துவிட்டு, கெட்டித் தேங்காய்ப் பால், வெங்காயம், தக்காளி, மிளகாய் ஆகியவற்றைச் சேர்க்கிறார்கள். அதற்கு அவர்கள் விரும்பி எடுக்கும் 'வாலு' என்னும் மீன் வேறெதுவும் இல்லை. நம் சந்தையில் விற்கும் வஞ்சிரமேதான்.

மீன் நம்முடையது, தேங்காய் நம்முடையது, எலுமிச்சை நம்முடையது. ஆயினும் இப்பண்டம் நம் அடுக்களையில் தோன்றவில்லை. காரணம் என்ன? நம் முன்னோர் சுவை அறியாதவர்களா?

சாறு என்ன செய்கிறது?

பால் காய்ச்சும் பாத்திரத்தில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விழுந்தால் பால் திரிந்து போவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். பாலிலுள்ள புரதம் புளிப்புப் பட்டவுடன் தன் நிலை குலைந்து திரண்டுவிடுகிறது. மீனுக்கும் இதுவே நேருகிறது. எலுமிச்சைச் சாற்றில் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பங்கு சிட்ரிக் அமிலம் இருக்கிறது. அது மீனின் தசைப் புரதத்தைக் குலைத்துத் திரளச் செய்கிறது. கண்ணாடி போல் இருந்த சதை வெளுக்கிறது. நீரைக் கக்கி இறுகுகிறது. நெருப்பில் வெந்த மீனும் இப்படியே வெளுத்து இறுகுவதால், பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றுகின்றன.

எந்த வீட்டிலும் இப்படி ஒரு சம்பாஷணை நடக்கலாம்:

“அம்மாயி, பாருங்கள்! மீன் எப்படி வெளுத்துவிட்டது! வெந்தே போய்விட்டது.”

“வெளுத்ததெல்லாம் பால் ஆகிவிடுமா, கண்ணு?”

பாட்டி ரசாயன சாஸ்திரம் படித்தவள் அல்லள். ஆனால் சாஸ்திரிகள் இன்று சொல்வதையே அவள் பழமொழியில் சொல்லிவிட்டாள். நெருப்பு இரண்டு காரியங்களைச் செய்கிறது: புரதத்தைத் திரட்டுகிறது; கிருமியையும் புழுவையும் கொல்லுகிறது. எலுமிச்சை முதல் காரியத்தைச் செவ்வையாகச் செய்கிறது. இரண்டாவதை அரைகுறையாகவே செய்கிறது.

எவ்வளவு அரைகுறை என்பதற்கும் கணக்கு உண்டு. செவிச்சே செய்யும் முறையிலேயே மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று 2013-இல் வெளியாயிற்று. கடல் நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமி அதில் வெகுவாக மாண்டது. ஆனால் பேதியையும் ஜுரத்தையும் உண்டாக்கும் சால்மொனெல்லா என்னும் கிருமியோ சிறிதளவே குறைந்தது. ஆகவே சாறு ஒன்றும் செய்யாது என்பதும் பிசகு. எல்லாம் செய்துவிடும் என்பதும் பிசகு.

புழுக்களின் விஷயம் இன்னும் கடினம். கடல் மீன் பலவற்றில் அனிசாக்கிஸ் என்னும் நுண்புழு இருக்கும். காடியிலும் எலுமிச்சையிலும் அது சுலபமாகச் சாவதில்லை. காடியில் ஊறிய நெத்திலி வகையை விரும்பி உண்ணும் ஸ்பெயின் தேசத்தில் பலருக்கு இதனால் வயிற்று நோவு கண்டது. ஆகவே, பச்சையாகவோ ஊறவைத்தோ பரிமாறும் மீனை முதலில் உறையவைத்தே தீர வேண்டும் என்று அந்நாட்டுச் சர்க்கார் 2006-இல் உணவு விடுதிகளுக்குச் சட்டம் செய்தது.

ஆற்று மீன், ஏரி மீன் இவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் ஏழைக் குடியானவர்கள் நன்னீர்க் கெண்டை வகைகளைக் கொத்தி, எலுமிச்சைச் சாறும் மிளகாயும் வறுத்த அரிசிப் பொடியும் கலந்து 'கோய் பிளா' என்ற பெயரில் பச்சையாகவே உண்டு வந்தார்கள். அந்த மீனிலுள்ள ஈரல் புழு எலுமிச்சைக்கு அஞ்சவில்லை. அது பித்தக் குழாய்களில் வருஷக்கணக்கில் குடியிருந்து புற்று நோயை உண்டாக்குகிறது. 1994-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் அந்தப் புழுவைப் புற்று நோய்க்கு நிச்சயமான காரணங்களின் வரிசையில் சேர்த்துவிட்டது. ஒரு கவளம் ருசிக்காகக் குடும்பத் தலைவனையே பறிகொடுத்த வீடுகள் அங்கே ஏராளம். அந்தப் புழு நம் ஏரியில் இருக்கிறது என்று நாம் பயமுறுத்த வரவில்லை. எலுமிச்சையை நெருப்பு என்று நம்புவதன் விலை எவ்வளவு ஆகலாம் என்பதற்கே இதைச் சொன்னோம். 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் சேலத்தாருக்கு நல்ல மீனைக் கொடுத்து வருகிறது; அந்தக் கட்லாவும் ரோகுவும் கெண்டையும் குழம்புக்கே உரியவை.

வாசனை என்னும் வஞ்சகம்

மீனைக் கழுவும்போது உப்பும் மஞ்சளும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கம். கவிச்சு வாடை போய்விடுகிறது. அந்த வாடைக்குக் காரணமான பொருள் காரத் தன்மை உடையது. புளிப்பு அதைக் கட்டிப் போடுகிறது. நல்ல மீனுக்கு இது நன்மையே. ஆனால் கெட்டுப் போகத் தொடங்கிய மீனையும் எலுமிச்சை இப்படியே மணக்கச் செய்துவிடும். ஆதலால் மீனைச் சோதிப்பது முதலில். எலுமிச்சையைத் தொடுவது பிறகு. கண் தெளிந்து துருத்தி நிற்க வேண்டும். செவுள் சிவந்திருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் குழி விழாமல் சதை மேலெழும்ப வேண்டும்.

இங்கேதான் முதலில் குறிப்பிட்ட தூரம் முக்கியமாகிறது. வஞ்சிரம், சூரை, அயிலை ஆகியவை ஒரே இனத்து மீன்கள். பிடித்த நாழிகையிலிருந்து இடைவிடாமல் பனிக்கட்டியில் இல்லாவிட்டால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்னும் விஷப் பொருள் உண்டாகிறது. உண்டவர்களுக்குச் சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தினவெடுத்து, தலைவலியும் வாந்தியும் காணும். இந்த விஷத்தை எலுமிச்சை போக்காது. வியப்பு என்னவென்றால், நெருப்பும் போக்காது. கடற்கரையில் காலையில் பிடித்த மீனை உச்சிப் பொழுதுக்குள் உண்பவன் செய்யும் காரியத்தை, 200 கிலோமீட்டர் வண்டியில் வந்த மீனைக் கொண்டு நாம் செய்யத் துணிவது விவேகமாகாது. நம் முன்னோர் கொக்கொண்டா செய்யாததன் காரணம் இப்போது விளங்குகிறது அல்லவா? உள்நாட்டுக்குக் கடல் மீன் வந்ததெல்லாம் கருவாடாகவே வந்தது.

இறைச்சிக்கு நம்மவர் கண்ட வழி

ஆட்டிறைச்சியையோ கோழியையோ பச்சையாக எலுமிச்சையில் ஊறவைத்து உண்பது எக்காலத்தும் கூடாது. சாறு துண்டத்தின் மேற்புறத்தை வெளுக்கச் செய்யும்; உள்ளே ஒன்றும் செய்யாது. பச்சை இறைச்சியில் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்னும் கிருமி, கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவின் கண்ணையும் மூளையையும் தாக்கவல்லது. பிள்ளைத்தாய்ச்சி உள்ள வீட்டில் இந்த ஒரு செய்தியே போதும்.

சேலம், நாமக்கல், கொங்கு நாட்டுச் சமவெளிகளில் இறைச்சியை அடுப்பின்றிப் பக்குவம் செய்ய வேறு வழி கண்டார்கள். அதுதான் உப்புக்கண்டம். கொழுப்பு நீக்கிய ஆட்டிறைச்சியை மெல்லிய நீள் துண்டங்களாக அரிந்து, கல்லுப்பும் மஞ்சளும் தாராளமாகத் தடவி, நூலில் கோத்து, ஈ மொய்க்காமல் மெல்லிய துணி போர்த்தி, நாலைந்து நாள் கடும் வெயிலில் காயவைப்பார்கள். பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். பனி படக் கூடாது. துண்டம் சுள்ளி போல ஆனதும் ஜாடியில் அடைப்பார்கள். உப்பும் வெயிலும் நீரை வாங்கிவிடுவதால் கிருமி பெருக இடமில்லை. இத்தனை செய்த பிறகும் அவர்கள் அதை அப்படியே தின்றுவிடவில்லை. தண்ணீரில் அலசி, நல்லெண்ணெயில் வறுத்த பிறகே இலைக்கு வந்தது. உப்பு, வெயில், நெருப்பு என்று மூன்று காவல். எலுமிச்சை பிழிவது கடைசியில், சுவைக்காக.

மீன் ஊறுகாயிலும் இதே விவேகத்தைக் காணலாம். மீனைப் பொரித்த பிறகே காடியிலும் மசாலாவிலும் போடுகிறார்கள். அரை மணி நேரம் சாற்றில் கிடந்த பச்சை மீன் ஊறுகாய் ஆகிவிடாது.

நெருப்பு முன்னே, எலுமிச்சை பின்னே

அப்படியானால் பிள்ளைகள் ஆசைப்படும் அந்தச் சுவையை அடைய வழியே இல்லையா? உண்டு. பசிபிக் மகா சமுத்திரத்தில் குவாம் தீவிலுள்ள சமோரோ மக்கள் 'கெலாகுவென்' என்று ஒரு பண்டம் செய்கிறார்கள். கோழியை முதலில் தணலில் வாட்டி, பிறகு பொடியாக நறுக்கி எலுமிச்சையிலும் தேங்காய்த் துருவலிலும் ஊறவைப்பது அது. இந்த வரிசையைப் பின்பற்றினால் சுவையும் குறையாது. அபாயமும் பெரும்பாலும் நீங்கும். செய்முறைக்கு முன் ஒரு சொல்: பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களைப் புளிப்பு அரிக்கும். பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர் அல்லது சேலத்துக் கல்சட்டி இவற்றில் ஒன்றை எடுத்துக் கொள்க.

*எலுமிச்சைக் கோழி:* எலும்பில்லாத கோழி இறைச்சி அரைக் கிலோவில் உப்பு, மஞ்சள், மிளகுப் பொடி தடவித் தணலிலோ, மூடியிட்ட இரும்புச் சட்டியிலோ வாட்டுக. தடித்த இடத்தைக் கீறிப் பார்த்தால் சிவப்பு இருக்கலாகாது. கசியும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். உஷ்ணமானி உள்ளவர்கள் 74 டிகிரி சென்டிகிரேடு வந்ததா என்று பார்த்துக் கொள்ளலாம். சற்று ஆறியதும், பச்சை இறைச்சி படாத வேறு பலகையில், வேறு கத்தியால் பொடியாக நறுக்குக. நாலு பழத்தின் சாறு, பத்துச் சின்ன வெங்காயம், மூன்று பச்சை மிளகாய், ஒரு மூடியில் பாதித் தேங்காய்த் துருவல், கொத்தமல்லித் தழை, உப்பு இவற்றைக் கலந்து கால் மணி நேரம் ஊறவிட்டுப் பரிமாறுக. சப்பாத்திக்கும் சோற்றுக்கும் பொருந்தும்.

*வஞ்சிரப் பால் பச்சடி:* முள் நீக்கிய வஞ்சிரம் அரைக் கிலோவை அரை அங்குலத் துண்டங்களாக்கி, உப்புத் தடவி, இட்டிலிப் பானையில் ஆவியில் ஏழெட்டு நிமிஷம் வேகவிடுக. சதை இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது என்று அறியலாம். ஆறியபின் மூன்று பழத்தின் சாற்றில் பத்து நிமிஷம் ஊறவைத்துச் சாற்றைப் பெரும்பாலும் வடித்துவிடுக. பிறகு முதல் தேங்காய்ப் பால் ஒரு கிண்ணம், நறுக்கிய வெங்காயம், தக்காளி, மிளகாய் சேர்க்கவும். குளிர்பெட்டியில் சற்று நேரம் வைத்து அன்றே உண்டுவிட வேண்டும்; மறுநாளுக்கு வைக்கலாகாது.

*மரக்கறி உண்பவர்களுக்கு:* வாழைத்தண்டை நார் நீக்கி மெல்லிய வில்லைகளாக்கி, உப்பும் எலுமிச்சையும் பிழிந்து, அதே தேங்காய்ப் பாலும் மிளகாயும் சேர்த்தால், அடுப்பே காணாத இந்தப் பச்சடி எந்தப் பயமும் இன்றிச் சாப்பிடத் தக்கது. தண்டை நன்றாகக் கழுவியிருந்தால் போதும்.

பச்சையாகவேதான் வேண்டும் என்பவர்களுக்கு

வயது வந்த, தேகபலமுள்ள ஒருவர், 'நான் அசல் முறைப்படியே உண்டு பார்ப்பேன்' என்றால் அவரைத் தடுக்க நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் நிபந்தனைகளைச் சொல்ல வேண்டியது கடமை. மீன் கடல் மீனாக இருக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் 7 நாள், அல்லது கீழே 35 டிகிரியில் உறைந்தபின் 15 மணி நேரம் வைத்த மீனாக இருக்க வேண்டும். அதை நிச்சயமாகச் சொல்லக்கூடிய வியாபாரியிடமே வாங்க வேண்டும். மின்சாரம் அடிக்கடி நின்று போகும் நம் வீட்டுக் குளிர்பெட்டியை இதற்கு நம்பலாகாது. உறைந்த மீனைக் குளிர்பெட்டிக்குள்ளேயே இளகவிட்டு, சாற்றில் ஊறவைப்பதும் உள்ளேயே செய்து, எடுத்தவுடன் உண்டுவிட வேண்டும். உறையவைப்பது புழுவைக் கொல்லும். கிருமிகள் எல்லாவற்றையும் கொல்லாது என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர், ஈரல் நோயும் நீரிழிவும் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்தப் பண்டம் வேண்டவே வேண்டாம். விருந்தாளிக்கு, அது பச்சை மீன் என்று சொல்லாமல் பரிமாறுவது பாபம்.

பிற நாட்டாரின் சமையலை இகழ்வது நாகரிகமன்று. பெரு நாட்டார் தங்கள் கடலையும் மீனையும் அறிந்து ஒரு பண்டத்தை ஆக்கினார்கள். நம் பாட்டிமார் தங்கள் வெயிலையும் தூரத்தையும் அறிந்து மற்றொன்றை ஆக்கினார்கள். இருவரும் அறிவாளிகளே. சுவையைக் கடன் வாங்குகிறவர்கள், அது பிறந்த இடத்தின் நிலைமைகளையும் விசாரித்துக் கொண்டு, நம் ஊர் நிலைமைக்கு ஏற்பச் செய்முறையை மாற்றிக் கொள்ள வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் கேட்டால் மறுக்க வேண்டாம். நாலு எலுமிச்சம் பழம் அவர்களையே வாங்கி வரச் சொல்லுங்கள். அதற்குள் நீங்கள் அடுப்பை மூட்டி வையுங்கள்.